பட்டறைக்கு மூன்று பேஸ்: மல்லாவிப் பக்கத்து மின்வேலை ஒன்றின் முழு விவரம்

இலங்கையின் வன்னிப் பகுதியில், மாங்குளத்திலிருந்து மல்லாவி போகும் வழியில் ஒரு கிராமம். வீட்டின் பின்வளவில் தகரக் கூரை போட்ட மரவேலைப் பட்டறை. கதவு, யன்னல், நிலை, கட்டில் என்று ஊர்த் தேவைக்கான வேலைதான். பாலையும் வேம்பும் தேக்கும் வந்து இறங்கும் இடம், எப்போதாவது முதிரை. வேலை செய்வது இரண்டு பேர். இருந்த மெஷின்கள்: 2 குதிரைவலு வட்ட வாள், 2 குதிரைவலு கொம்பிரசர், கிரைண்டர், கை ட்ரில், கேட் கம்பி ஒட்ட ஒரு சின்ன இன்வேர்ட்டர் வெல்டிங். இத்தனையும் வீட்டின் 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பில், சமையலறைச் சொக்கற்றிலிருந்து இழுத்த ஒரே வயரில் ஓடிக்கொண்டிருந்தன.

உரிமையாளர் மொரட்டுவையில் பழைய பிளேனர் ஒன்றை வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். 5 குதிரைவலு, மூன்று பேஸ் மோட்டர்.

"தம்பி, எங்கட லைன் வீக். வாளில மரத்தை வைச்சால் முக்குது. கப்பாசிட்டர் மாத்தி மாத்திக் களைச்சுப் போனன். மூண்டு பேஸ் எடுத்துத் தாரும், எல்லாம் சரிவரும்."

லைன் வீக் என்ற பேச்சு வன்னியில் எங்கே போனாலும் கேட்கிறது. பொய்யும் இல்லை. ஊர்க்கோடிவரை இழுத்த லைனில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். ஆனால் மீற்றர் பெட்டிக்கு வெளியே எவ்வளவு இழக்கிறோம், உள்ளே எவ்வளவு இழக்கிறோம் என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்த இடத்தில் அளந்தோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அளவீடு

மீற்றர் பெட்டியடியில் ஒருவர், வாளடியில் ஒருவர். எதுவும் ஓடாதபோது இரண்டு இடத்திலும் 222 வோல்ட். நாட்டில் அனுமதிக்கப்பட்ட எல்லை 230 இலிருந்து 6 வீதம் மேலே, 6 வீதம் கீழே. அதாவது 216 முதல் 244 வரை. ஆகவே 222 என்பது குறைவுதான், ஆனால் குற்றம் சொல்ல முடியாத குறைவு.

வாளை ஸ்டார்ட் செய்தோம். வயரைக் கவ்வி அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றர் 50ஐத் தொட்டது. அந்த நொடியில் மீற்றர் பெட்டியில் 200 வோல்ட், வாளடியில் 166. மொத்தம் 56 வோல்ட் போய்விட்டது. அதில் 22 மின்சார சபையின் லைனில். மீதி 34 வோல்ட் வீட்டுக்காரரின் சொந்த வயரில்.

கணக்கும் அதையே சொல்கிறது. போட்டிருந்தது கடையில் 7/029 என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். அதில் ஒரு அம்பியர் ஒரு மீற்றர் தூரம் போய்த் திரும்பினால் 18 மில்லிவோல்ட் இழப்பு. 38 மீற்றர், 50 அம்பியர் என்றால் 34 வோல்ட். மோட்டரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230க்குச் செய்த மோட்டருக்கு 166 கொடுத்தால் கிடைப்பது பாதி பலம் மட்டும். வாள் முக்கி முக்கி எழும்ப நேரம் எடுக்கிறது; அவ்வளவு நேரமும் ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டர் லைனிலேயே நிற்கிறது; அதுதான் அடிக்கடி வெடித்தது. கடையில் விற்ற கப்பாசிட்டரில் பிழை இல்லை.

அந்த வயருக்குப் போட்டிருந்த பிரேக்கர் 32 அம்பியர். 20 போட வேண்டிய இடம். 20 விழுந்துகொண்டே இருந்ததால் யாரோ 32 ஆக்கியிருக்கிறார்கள். பிரேக்கர் நிற்கும், வயர் சுவருக்குள் சூடாகும். சமையலறைச் சுவரில் சொக்கற்றைக் கழற்றியபோது பின்பக்கப் பிளாஸ்ரிக் பழுப்பேறி, வயரின் உறை விரலால் தட்ட உதிர்ந்தது.

ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால்

டி.பி. பெட்டியை, அதாவது மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டியைத் திறந்ததும், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் ரெஸ்ட் (சோதனை) பட்டனை அழுத்தினேன். நெம்பு டக்கென்று விழுந்தது. ஆனால் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. முன்மூடியைக் கழற்றினால், ட்ரிப்பின் மேலிருந்து கீழாக இரண்டு துண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, நேராக வளைத்து முறுக்கியிருந்தது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போன உதவி அது.

ஏன் விழுந்தது என்று தேடினால் விடை பக்கத்திலேயே இருந்தது. பட்டறைக்குப் போன வயரை இரண்டு பக்கமும் கழற்றி, வயர் உறையின் காப்பை அளக்கும் மெகர் வைத்து 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தோம். குறைந்தது 1 மெகோம் காட்ட வேண்டிய இடத்தில் 0.08. ஆட்டுக்கொட்டில் ஓரத்தில் மண்ணுக்குள் ஒரு மூட்டு. வெறும் டேப் சுற்றி, பைப்புக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. ட்ரிப் சுவிட்ச் மாரிக்கு மாரி சரியான எச்சரிக்கையைத்தான் கொடுத்திருக்கிறது.

பட்டறையில் ஏர்த் வயரே இல்லை. வாளின் இரும்புச் சட்டத்தில் ஈரக்காலோடு கை வைத்தால் கூசும் என்று உதவியாளர் சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்கு ஒரு ஏர்த் ரொட் இருந்தது. மூன்றடி நீளம், சமையலறைச் சுவரை ஒட்டி, கூரைத் தண்ணீர்கூடப் படாத இடம். மாரி முடிந்து மண் ஈரமாக இருந்த தை மாதத்திலேயே 210 ஓம் காட்டியது.

இந்த ஏர்த் விஷயத்தில் எங்கள் பகுதிக்கென்று ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். யுத்த காலத்தில் வருடக்கணக்காக வன்னிக்குத் தேசிய மின்கட்டமைப்பு இல்லை. மின்சாரம் என்றால் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர், சோலார் தட்டு, சைக்கிள் டைனமோ. 2009க்குப் பிறகுதான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ட் பாதை வந்து, ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். சிறு ஜெனரேற்றரின் இரண்டு வயரில் எதுவும் மண்ணோடு தொடுப்பதில்லை. ஒரு வயரைத் தொட்டாலும் மின்சாரம் மண்வழியே திரும்பிப் போக வழியில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு வயர் போதும் என்று ஒரு தலைமுறை கைப்பழக்கமாகவே கற்றுக்கொண்டது. சபையின் லைனில் அந்தக் கணக்குச் சரிவராது. அங்கே நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பும் வயரை, டிரான்ஸ்போமரடியில் மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஒற்றை வயரைத் தொட்டால் மண்ணே திரும்பும் வழி. அதே கை, அதே பழக்கம், ஆனால் இப்போது உயிர் போகும்.

நம் நாட்டு முறையில் மின்சார சபை வீட்டுக்கு ஏர்த் தருவதில்லை. பேஸும் நியூட்ரலும் தருகிறார்கள்; ஏர்த் அவரவர் வளவில் அவரவர் அடித்துக்கொள்ள வேண்டியது. ஏர்த் ரொட் 50 ஓம், டிரான்ஸ்போமர்ப் பக்கம் 10 ஓம் என்று வைப்போம். பேஸ் வயர் வாளின் சட்டத்தில் முட்டினால் ஓடுவது 230ஐ 60 ஆல் வகுத்தால் வரும் 3.8 அம்பியர். எந்த 32 அம்பியர் பிரேக்கரும் இதற்கு அசையாது. சட்டத்திலோ 190 வோல்ட்வரை நிற்கும். "ஏர்த் இருக்கு, பிரேக்கர் இருக்கு, பிறகென்ன" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். எங்கள் முறையில் ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச் மட்டும். அதை வேலை செய்ய வைப்பது ஏர்த் ரொட்.

எடுத்த முடிவு

பிளேனர் ஏற்கெனவே வந்து நிற்கிறது. மூன்று பேஸ் தேவைதான். ஆனால் வேலையின் வரிசையை மாற்றினோம். முதலில் வீட்டு ட்ரிப்பிலிருந்த முறுக்கு வயரை வெட்டி, பட்டறை வயரைச் சமையலறையிலிருந்து முற்றாகக் கழற்றினோம். புது இணைப்பு வரும்வரை பட்டறை மூடிக் கிடக்கட்டும் என்றேன். உரிமையாளர் அண்ணைக்கு அது விருப்பமில்லை. நிலை இரண்டுக்கு முற்பணம் வாங்கியிருந்தார். கடைசியில் அந்த நிலைகளைக் கைவாளாலும் கை இழைப்புளியாலும் முடித்துக் கொடுத்தார்.

பட்டறைக்குத் தனி இணைப்பு, கைத்தொழில் கட்டண வகையில். வீட்டு இணைப்பு அப்படியே இருக்கட்டும். 30 அம்பியர் மூன்று பேஸா, 60 ஆ? 30 என்றால் சுமார் 20 கே.வி.ஏ. பிளேனர் ஓடும்போது சுமார் 5.2, வாள் 2.3, கொம்பிரசர் 2.4, விளக்கும் கைக்கருவிகளும் ஒன்று ஒன்றரை. வெல்டிங் தவிர எல்லாம் ஒன்றாக ஓடினாலும் 12ஐத் தாண்டாது. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் எல்லாம் ஒன்றாக ஓடவும் மாட்டாது. 30 தாராளம். வீதியில் போகும் முறுக்குக் கேபிளில் மூன்று பேஸும் இருப்பதைக் கம்பத்தடியில் நின்று பார்த்து உறுதி செய்த பிறகே விண்ணப்பம். சில உள்வீதிகளில் ஒற்றைப் பேஸ் மட்டுமே போகிறது. அங்கே லைன் நீட்டும் செலவும் மதிப்பீட்டில் வந்து சேரும். மெஷின் வாங்குமுன் பார்க்க வேண்டிய விஷயம் இது.

வாளுக்கும் 2 குதிரைவலு மூன்று பேஸ் மோட்டர் மாற்றச் சொன்னேன். பழைய மோட்டரின் கம்பிச் சுற்று ஏற்கெனவே கருகத் தொடங்கியிருந்தது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. ஒற்றைப் பேஸில் மின்சாரம் பேஸ் வயரில் போய் நியூட்ரலில் திரும்புகிறது. இரண்டு வயரிலும் வோல்டேஜ் இழக்கிறோம். மூன்று பேஸ் மோட்டரில் மூன்றும் சமமாக ஓடுவதால் நியூட்ரலில் திரும்ப எதுவும் இல்லை. ஸ்டார்ட்டிங்கும் 50 இலிருந்து பேஸுக்கு 20 அம்பியராக இறங்குகிறது. அண்ணை சொன்ன வீக்கான லைனுக்கு உண்மையான மருந்து இதுதான். மூன்று பேஸ் எடுத்துவிட்டு அதே ஒற்றைப் பேஸ் மோட்டரை ஓட்டினால் லைனில் அதே 22 வோல்ட் போய்க்கொண்டுதான் இருக்கும்.

கேபிள், ரொட், கிடங்கு

மீற்றர் பெட்டி முன்மதிலோரம். அங்கிருந்து பட்டறைவரை 52 மீற்றர். நாலு கோர் ஆர்மர்ட் (கம்பிக் கவசமிட்ட) கேபிள், செம்பு. 6 சதுர மில்லிமீற்றரில் பிளேனர் நேரடி ஸ்டார்ட்டில் 45 அம்பியர் இழுத்தால் 15 வோல்ட் இழப்பு, 10இல் 9. இரண்டும் எல்லைக்குள்தான். ஆனால் இங்கே லைனே 222 இல் நிற்கிறது. சபையின் லைனில் இழப்பதை நாங்கள் குறைக்க முடியாது, எங்கள் பக்கத்தில் இழப்பதைக் குறைக்கலாம். 10 போட்டோம். விலை வித்தியாசம் அண்ணைக்குக் கடியாக இருந்தது. ஆனாலும் இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிரேக்கரைப் பிறகும் மாற்றலாம். கிடங்கை மூடிய பிறகு கேபிளை மாற்ற யாரும் மண்ணைக் கிளறப் போவதில்லை.

இரண்டடி ஆழம். அடியில் மணல், கேபிள், மேலே மணல், அதற்கு மேல் பழைய கூரை ஓடு, பிறகு மஞ்சள் எச்சரிக்கை நாடா. வன்னியில் கிடங்கு வெட்டுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றி மக்களிடம் கையளித்த காணியாக இருந்தாலும், மண்வெட்டியில் தெரியாத இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள். தூக்கிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் எறியாதீர்கள். இங்கே தட்டுப்பட்டது வெறும் தகரமும் ஒரு பழைய கலப்பைக் கொழுவும்தான். பரவாயில்லை, நின்று பார்த்துவிட்டே தொடர்ந்தோம்.

ஏர்த் ரொட்டுக்கு இடம் கிணற்றடி. குளிக்கும் தண்ணீர் வாழைக்குப் போகும் வாய்க்கால் ஓரம். கோடையிலும் ஈரம் இருக்கும். செம்பு பூசிய ரொட் ஒன்றை இறக்கியதும் 64 ஓம். மேலே சரளை, கீழே இறுகிய மண். ரொட் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இன்னொன்று அடித்து இணைத்தோம்: 36. அருகருகே அடித்தால் இரண்டாவது ரொட்டால் பயன் குறைவு. உப்பும் கரியும் போடலாமா என்று கேட்டார்கள். உப்பு ஒரு மாரியில் கரைந்து போகும், போகுமுன் ரொட்டையும் அரிக்கும். தேவை ஆழமும் ஈரமும்.

மீற்றர் பெட்டிக்குப் பிறகு முதலில் 100 மில்லியம்பியர், சற்றுத் தாமதித்து விழும் நாலு போல் ட்ரிப், அதாவது மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது. அது நிலக்கேபிளுக்குக் காவல். பட்டறை டி.பி.யில் 30 மில்லியம்பியர் ட்ரிப்புகள் தனித்தனியாக: சொக்கற்றுகளுக்கு ஒன்று, மோட்டர்களுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. விளக்கைப் பிரித்தது காரணத்தோடுதான். இரவில் வாள் ட்ரிப் விழுந்தால் வாள் இன்னும் சில விநாடி சுற்றும். அந்த நேரத்தில் விளக்கும் அணைந்தால் கை எங்கே என்று தெரியாது. விளக்குகளை மூன்று பேஸிலும் பகிர்ந்தோம். பழைய சோக் ரியூப்லைற் ஒரே பேஸில் இருந்தால், சுற்றும் வாள் நின்றதுபோலக் கண்ணுக்குத் தெரியலாம். வாளுக்கு மேல் எல்.ஈ.டி. தனியாகப் போட்டோம். சொக்கற்றுகள் எல்லாம் 13 அம்பியர் சதுரப் பின். 2016 இல் நாட்டுக்கு ஒரே தரமாக்கியது அதைத்தான். பழைய உருண்டைப் பின் பிளக்குகளை அடாப்ரர் வைக்காமல் வெட்டி மாற்றினோம்.

நிறத்தில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. வீட்டின் பழைய வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். புது மூன்று பேஸ் கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ், நீலம் நியூட்ரல். பழைய பழக்கத்தில் கறுப்பை நியூட்ரல் கட்டையில் சொருகினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. டி.பி. மூடியின் உட்பக்கம் நிற அட்டவணையைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறது.

பிளேனரின் தகடு

பிளேனர் மோட்டரின் தகட்டில் மூன்று தடவையாவது பெயின்ற் அடித்திருந்தார்கள். தின்னர் தொட்ட துணியால் மெதுவாகத் துடைக்க எழுத்து வந்தது: 3.7 கிலோவாட், 400 டெல்டா, 690 ஸ்டார், 7.6 அம்பியர். டெல்டா, ஸ்டார் என்பவை மோட்டரின் மூன்று கம்பிச் சுற்றுகளை இணைக்கும் இரண்டு விதங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தோம். 230 டெல்டா, 400 ஸ்டார் என்று இருந்திருந்தால் நம் 400 வோல்ட் லைனில் அது ஸ்டாரில் மட்டுமே ஓடும். ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால், டெல்டாவுக்கு மாறும் கணத்தில் மோட்டர் எரியும். தகட்டைப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் விற்கும் கடைகளும் உண்டு, வாங்கி மாட்டுபவர்களும் உண்டு.

ஸ்டார்-டெல்டா போட்டதால் ஸ்டார்ட்டிங் 45 இலிருந்து 15 அம்பியராக இறங்கியது. மோட்டர் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே டெல்டா வயருக்குள் நிற்பதால் அதை 7.6க்கு வைக்கக்கூடாது, அதன் 0.58 மடங்கு, அதாவது 4.4. 7.6 இல் விட்டிருந்தால் மோட்டர் கருகும்வரை ரிலே விழாது. கூடவே பேஸ் தவறினால் நிறுத்தும் ரிலே ஒன்றும் போட்டோம். எங்கள் பக்கம் தென்னோலை விழுந்து ஒரு பேஸின் பியூஸ் மட்டும் போவது சாதாரணம். மிச்ச இரண்டில் மோட்டர் உறுமிக்கொண்டே எரியும். வாளுக்கும் கொன்டாக்டர் வைத்த ஸ்டார்ட்டர்தான். கறண்ட் போய்த் திரும்பி வந்தால் பச்சைப் பட்டனை அழுத்தாமல் சுற்றாது. முன்பு சாதாரண சுவிட்ச். கறண்ட் வந்ததும் வாள் தானாகச் சுற்றத் தொடங்கும்.

முதல் ஓட்டத்துக்கு பெல்ட்டைக் கழற்றிவிட்டோம். பிளேனர் மறுபக்கம் சுற்றியது. இரண்டு பேஸை மாற்றிக் கட்டியதும் சரி. பெல்ட்டோடு ஓட்டியிருந்தால் கத்தியும் தலைகீழாகச் சுற்றியிருக்கும்.

ஜெனரேற்றர்

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் அண்ணை 5 கே.வி.ஏ. ஜெனரேற்றர் ஒன்று வாங்கியிருந்தார். இரு முனையிலும் ஆண் பிளக் உள்ள வயரைச் சொக்கற்றில் சொருகித்தான் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் அந்த மின்சாரம் வெளியே போய், டிரான்ஸ்போமரில் தலைகீழாக ஏறி, மேலே கம்பத்தில் வேலை செய்பவரின் கையில் 33 கிலோவோல்ட்டாக நிற்கலாம். அந்த வயரைக் கேட்டு வாங்கி அங்கேயே வெட்டினேன். பதிலாக நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், வீட்டுப் பக்கம் மட்டும். பட்டறை மோட்டர்களுக்கு அந்த ஜெனரேற்றர் போதாது. அதை அங்கே இணைக்க வழியே வைக்கவில்லை.

முடிவில் வந்த அளவுகள்

சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள் மின்பொறியியலாளர் ஒப்பமிட்ட பரிசோதனை அறிக்கையைக் கேட்டார்கள். மெகர், ஏர்த், ட்ரிப் அளவுகள் எல்லாம் அதில் இருந்தன. இணைப்புக் கிடைத்த நாளில் பேஸுக்குப் பேஸ் 384 வோல்ட். வாள் ஸ்டார்ட்டாகும்போது 372. பாலைப் பலகையை வைத்து அறுத்தும் சத்தம் மாறவில்லை. வீட்டு விளக்கில் அசைவு தெரியவில்லை. 30 மில்லியம்பியர் ட்ரிப் சோதனைக் கருவியில் 24 மில்லிசெக்கனில் விழுந்தது.

மிச்ச வேலைகள் இருக்கின்றன. சமையலறைக் கருகிய சொக்கற்றும் அதன் வயரும் மாற்றியாகிவிட்டது. மற்ற அறைகளின் பழைய வயரிங் இன்னும் அப்படியே. வீட்டுச் சுவரோர மூன்றடி ரொட்டைக் கைவிட்டு, கிணற்றடியிலிருந்து வீட்டுக்கும் ஏர்த் வயர் இழுத்தோம். டி.பி. பெட்டி தூசு புகாத வகை, வாளிலிருந்து தள்ளிச் சுவரில் நிற்கிறது. ஆனாலும் ஸ்டார்ட்டருக்குள் எறும்பு கூடு வைக்கும், ஆகவே மாதம் ஒருமுறை மெயினை இறக்கிவிட்டுத் தூரிகையால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். ட்ரிப்பின் ரெஸ்ட் பட்டனையும் அதே நாளில் அழுத்த வேண்டும்.

ஆவணியில், மண் வெடித்துக் கிடந்தபோது திரும்ப ஏர்த் அளந்தோம். தையில் 36 ஆக இருந்தது 52 ஆகியிருந்தது. இந்த ட்ரிப்புகளுக்கு இது தாராளமாகப் போதும். அடுத்த ஆவணியில் 100ஐ நெருங்கினால் மூன்றாவது ரொட் அடிக்க வாழையடியில் இடம் விட்டிருக்கிறது.